எட்டாம் கட்டில் பத்மாசனியை வீட்டுக்கு அனுப்பும்படி

மனு எழுதுபவர்:
ஏரம்பு மயில்வாகனம்,
காணி இலக்கம் 47, இடதுகரை மூன்றாம் வாய்க்கால்,
குடியேற்றத் திட்டம்,
மல்லாவி.

மனுவைப் பெறுபவர்:
தொற்றுநோய்த் தடுப்பு விசேட அத்தியட்சர் அவர்கள்,
தொற்றுநோய்த் தடுப்புக் கந்தோர்.

விடயம்: ஆசியக் காய்ச்சலால் வந்த நியூமோனியா குணமாகியும், கர்ப்பவதியாக இருப்பதால் இரத்தச் சோதனை எண் குறையாத காரணத்தினால் தொற்றுநோய் விடுதியில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் என் மனைவி பத்மாசனியைப் பிள்ளை பிறக்குமுன் வீட்டுக்கு அனுப்புவது பற்றியது.

கனம் பொருந்திய ஐயா அவர்கட்கு,

1. நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியிலிருந்து இங்கு குளம் திருத்தும் வேலைக்குக் கூலியாளாக வந்து, பின்னர் இவ்விடத்திலேயே காணி கிடைக்கப்பெற்று, நெல் விதைத்துச் சீவிக்கிறேன். என் மனைவி பத்மாசனி துணுக்காயில் பிறந்தவள். எங்களுக்கு விவாகமாகி ஆறு வருடமாகிறது. இவ்வளவு காலமும் பிள்ளை இல்லாதிருந்து, இந்த வருடந்தான் அவள் கர்ப்பவதியானாள். மார்கழி நடுப்பகுதியில் பிறக்கும் என்று மல்லாவி மருத்துவிச்சி திருமதி விமலேஸ்வரி அவர்கள் கணக்குச் சொன்னார். ஆவணி மாதக் கடைசியிலிருந்து பத்மாசனி என் வீட்டில் இல்லை. தங்கள் பொறுப்பில் இருக்கிறாள்.

2. எவர்மேலும் கோபங்கொண்டு இம்மனுவை எழுதவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். விடுதி வாசலில் ஒட்டப்பட்டிருக்கும் தங்கள் சுற்றறிக்கையைப் பலமுறை வாசித்திருக்கிறேன். நோயாளியின் இரத்தம் குழாயில் இறங்கும் அளவு, அடுத்தடுத்த இரு கிழமைகளில் இருபதுக்குக் கீழே வந்தாலன்றி ஒருவரையும் வெளியே விடலாகாது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த விதி ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

3. ஆனி மாதம் இக்காய்ச்சல் எங்கள் வாய்க்காலுக்கு வந்தபோது முதலில் விழுந்தவர் அயற்காணி சிற்றம்பலம் அவர்கள். சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். காய்ச்சல் விட்டது, கஞ்சி குடித்தார், எழுந்து நடந்தார். ஆகவே அவரை வீட்டுக்கு விட்டார்கள். பஸ்ஸால் இறங்கி என் வேலியடியில் நின்று, "இனிப் பயமில்லைத் தம்பி, வாற கிழமை வாய்க்கால் துப்புரவுக்கு நானும் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கிழமை முடியுமுன்னே மூச்சடைத்து இறந்தார். நெஞ்சுக்குள் இருந்த நோயை வெளித்தோற்றம் காட்டவில்லை. அதன்பின் குடியேற்றவாசிகள் எல்லோரும் கூடி, இரத்தம் சோதித்துப் பாராமல் இனி ஒருவரையும் வீட்டுக்கு விடக்கூடாது என்று கேட்டு ஒரு மனு அனுப்பினோம். அதில் என் கையொப்பமும் உண்டு. தங்கள் சுற்றறிக்கை அதற்குப் பின்னரே வந்தது. அன்று நாங்கள் அதை வாசித்து மனதார நன்றி சொன்னோம்.

4. அச்சோதனையை நான் குறை கூறவும் இல்லை. ஆவணியில் தங்கள் வைத்திய கோஷ்டி ஜீப்பில் வந்து எங்கள் பாடசாலையில் தங்கியது. அப்போது எனக்குக் காய்ச்சல் கடுமை. என் இருமல் அடுத்த காணிக்குக் கேட்கும். பத்மாசனிக்குச் சிறு காய்ச்சலும் களைப்பும் மாத்திரமே. எனக்குக் கொத்தமல்லி அவித்துத் தந்துகொண்டிருந்தவள் அவள்; என்னைச் சோதிக்க வேண்டுமென்று பாடசாலைக்குக் கூட்டிப்போனவளும் அவளே. டொக்டர் கனகலிங்கம் அவர்கள் எங்கள் இருவரிடமும் இரத்தம் எடுத்து, உறையாதிருக்க மருந்து கலந்து, கோடு போட்ட இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் ஏற்றி, ஒரே தாங்கியில் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். ஒரு மணித்தியாலத்தில் சிவப்பு எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது என்று பார்ப்பதே சோதனை. உடம்புக்குள் நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவு வேகமாக இறங்குமாம். பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்கில் நாங்கள் இருவரும் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் குழாயில் சிவப்புக் கொஞ்சம் தாழ்ந்து நின்றுவிட்டது. அவளுடைய குழாயில் பாதிக்கும் கீழே போய்விட்டது. "குழாயை மாறி வைச்சிட்டினமோ" என்று பத்மாசனி என் காதுக்குள் கேட்டாள்.

5. மாறவில்லை. டொக்டர் அவர்கள் வெள்ளை அணுக்களையும் எண்ணிப் பார்த்து, அவள் நெஞ்சையும் முதுகையும் கேட்டுப் பார்த்து, அவளை உடனே வண்டியில் ஏற்றச் சொன்னார். என்னை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார். நான் சில நாளில் எழும்பிவிட்டேன். அவளுக்கு இரண்டு பக்கச் சுவாசப்பையிலும் நோய் பரவியிருந்தது என்று எக்ஸ்றே படம் காட்டியது. அந்தக் கண்ணாடிக் குழாய் இல்லாவிட்டால், இருமியவனாகிய என்னை ஏற்றிக்கொண்டு, இருமாதவளை வீட்டில் விட்டுப் போயிருப்பார்கள். அவள் இன்று உயிரோடு இருப்பது அச்சோதனையால்தான் என்பதை நான் ஒரு நாளும் மறக்கமாட்டேன்.

6. யாழ்ப்பாண விடுதிக்குப் போன வண்டியில் கூடப் போக எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆனையிறவைத் தாண்டியது அவள் ஆயுளில் அதுவே முதல் தடவை. அங்குள்ள உப்பளம் பார்க்க வேண்டும் என்று கலியாணம் முடித்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருந்தவள். நெல் விற்றதும் போவோம் என்று நானும் ஒவ்வொரு போகத்துக்கும் சொல்லி வந்தேன். படுத்தபடி போனதால் ஒன்றும் காணக் கிடைக்கவில்லை, வண்டியின் சின்ன யன்னலால் வெளிச்சம் மாத்திரம் வெள்ளையாக வந்தது என்று பின்னர் தாதி மூலம் சொல்லியனுப்பினாள். இது மனுவுக்குச் சம்பந்தமில்லாத விடயம். எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

7. புரட்டாதி முடியுமுன் அவள் நெஞ்சு தெளிந்துவிட்டது. புதுப் படத்தில் நோயின் சுவடு இல்லை. காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. முதலில் நூறுக்கு மேல் நின்ற இரத்த எண், கிழமைக்குக் கிழமை குறைந்து நாற்பதைத் தொட்டது. இன்னும் கொஞ்சந்தானே என்று நான் வீட்டுக் கூரைக்குப் புதுக் கிடுகு போட்டேன். கிணற்றை இறைத்துச் சேறு வாரினேன். அவளுக்குக் குனிந்து எழும்பக் கஷ்டமாக இருக்கும் என்று அடுப்பை உயர்த்திக் கட்டினேன். ஆனால் எண் அதற்குக் கீழே போகவில்லை. சில கிழமை அங்கேயே நின்று, பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. இப்போது ஐம்பதுக்கு மேல். எண் மறுபடி ஏறினால் நோய் திரும்பியதாகக் கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கையின் மூன்றாம் பிரிவு சொல்வதால், அவளைக் கடுமையான நோயாளர் இருக்கும் பக்கத்துக்கு மாற்றினார்கள். எட்டாம் கட்டில் அங்கே இருக்கிறது. அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் ஐப்பசியில் இறந்துபோனார். அந்தப் பெண்ணின் இருமலை இரவும் பகலும் கேட்டுக்கொண்டு, சுகமான நெஞ்சோடு என் மனைவி படுத்திருந்தாள்.

8. ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரம் பார்வையாளரை விடுகிறார்கள். நான் விடியச் சைக்கிளில் மாங்குளம் போய் ரயில் ஏறுவேன். விடுதிக்கு முன்னால் முள்ளுக்கம்பி வேலி இருக்கிறது. நாங்கள் வேலிக்கு வெளியே, நோயாளர் விறாந்தையில். இடையில் ஒரு முற்றம். அந்தத் தூரத்துக்குக் குரல் எட்ட வேண்டுமானால் கத்தித்தான் கதைக்க வேண்டும். நெஞ்சு நோய் வந்து எழும்பியவளுக்குக் கத்த ஏலாது. ஆகையால் நான் கத்துவேன். அவள் கையால் பதில் சொல்லுவாள். எங்களைப் போலவே வேலி நீளத்துக்கும் ஆட்கள் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எல்லோரும் கேட்க, மழை பெய்தது, நாகு எருமை கன்று போட்டது, பூசணி காய்த்திருக்கிறது என்பவற்றைச் சொல்லலாம். ஒருவன் தன் மனைவியிடம் சொல்ல விரும்பும் மற்றவற்றைச் சொல்ல முடியாது. அவற்றை இம்மனுவிலும் எழுத முடியாது.

9. ஒரு ஞாயிறு அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து, பிறகு கிட்டக் கிட்டக் கொண்டுவந்து காட்டினாள். வயல் வரம்பைப் பற்றிக் கேட்கிறாள் என்று எண்ணி, "வரம்பு கட்டியாச்சு, உடைப்பு ஒண்டும் இல்லை" என்று பலமாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் அதையே காட்டினாள். நானும் திரும்ப வரம்பைப் பற்றியே சொன்னேன். அங்கே நின்ற தாதி மார்கிறட் அவர்கள், முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், முற்றத்தில் இறங்கி வந்து, "அண்ணை, அவா வரம்பைக் கேட்கேல்லை. நீங்கள் மெலிஞ்சு போனியள் எண்டு சொல்லுறா" என்றார். வேலியில் நின்ற சனம் சிரித்தது. பத்மாசனியும் சிரித்தாள். ஆவணிக்குப் பின் அவள் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். ஞாயிறு கத்திவிட்டு வந்தால் திங்கட்கிழமை எனக்குத் தொண்டை அடைத்துவிடும். எங்கள் எருமைகள் அவள் கூப்பிட்டால்தான் குளத்தை விட்டுக் கரையேறும். அவளைப் போலக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே கிடக்கின்றன.

10. ஐப்பசிக் கடைசியில் டொக்டர் கனகலிங்கம் அவர்கள், அவரே இப்போது அவ்விடுதியையும் பார்க்கிறார், என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே கீழே தருகிறேன். அவர் பெயரை எழுதுவது அவருக்குத் தீங்காகுமோ என்று தயங்கினேன். எழுதும்படி அவரே சொன்னார்.

"மயில்வாகனம், அவாவின்ரை நெஞ்சு சுகம். இப்ப நிக்கிற எண் நெஞ்சின்ரை எண் இல்லை, பிள்ளையின்ரை எண். வயித்திலை பிள்ளை வளர வளர ஒரு நோயும் இல்லாத பொம்பிளைக்கும் இரத்தம் கெதியாத்தான் இறங்கும். பிள்ளை பிறந்த பிறகும் ஒரு மாதம், ஒண்டரை மாதம் அப்பிடித்தான் நிக்கும். சுற்றறிக்கையிலை அதுக்கு இடம் விடேல்லை. நான் இரண்டு தரம் எழுதிப்போட்டன், மறுமொழி இல்லை. என்ரை கையெழுத்திலை அவாவை விட்டால் மூண்டாம் நாள் ஜீப் அனுப்பித் திருப்பி ஏத்துவினம். மேலிடத்துக்கு நீங்கள் எழுதுங்கோ."

11. ஐயா, இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, வேறொன்றும் வந்தது. எண் ஏறியதென்று கேள்விப்பட்ட ஒவ்வொரு ஞாயிறும் நான் மாங்குளத்திலிருந்து வீடு வரும் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். அந்த நாட்களில் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது நோயல்ல, எங்கள் பிள்ளையின் வளர்த்தி. அதற்கு மகிழ வேண்டிய தகப்பன் நான் அதற்கு அழுதிருக்கிறேன். அவளும் கட்டிலில் கிடந்து அழுதிருப்பாள். இது இப்படியென்று அவளிடம் வேலிக்கு இப்பால் நின்று எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கடைசியில், "எண்ணைப் பற்றி யோசிக்காதை, அது பிள்ளை வளருற கணக்கு" என்று கத்தினேன். அவளுக்கு விளங்கியதோ தெரியாது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் என்னைப் பார்த்தபடி நின்றாள்.

12. இம்மனுவை நான் இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் வேறு. தொற்றுநோய் விடுதியில் பிறக்கும் பிள்ளையைத் தாயோடு வைத்திருக்க விதி இல்லையாம். பிறந்ததும் பிள்ளையை வேறு விடுதிக்குக் கொண்டுபோய், தாய் விடுவிக்கப்படும் நாள் வரை அங்கே புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பார்களாம். தாய் விடுவிக்கப்பட வேண்டுமானால் எண் இருபதுக்குக் கீழே வர வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு அது ஒன்றரை மாதம் வரை வராது என்று டொக்டர் அவர்களே சொல்கிறார். அதற்குப் பிறகும் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும். நோய் இல்லாத ஒரு தாயும் நோய் இல்லாத ஒரு பிள்ளையும், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், மாசி நடுப்பகுதி வரை இரண்டு கட்டிடங்களில் இருக்க வேண்டி வரும்.

13. போன ஞாயிறு பத்மாசனி விறாந்தைக்கு வரவில்லை. மார்கிறட் அவர்கள்தான் வேலியடிக்கு வந்தார். அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, நடக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்று தெரிவித்தார். பிறகு, "பிள்ளை பிறந்தால் எனக்கு ஒருக்காக் காட்டிப்போட்டுக் கொண்டுபோவினமோ, இல்லாட்டிக் காட்டாமலே கொண்டுபோவினமோ எண்டு அவரைக் கேட்டு அறியச் சொல்லுங்கோ எண்டவா" என்றார். விடுதிக் கந்தோரில் கேட்டபோது அங்கிருந்த கிளாக்கர் ஐயா, வாய்க்கதை எடுபடாது, எழுத்தில் தாருங்கள் என்றார். ஆகவே அவளுடைய கேள்வியை அவள் சொன்ன சொல்லிலேயே தங்கள் முன் வைக்கிறேன். அதற்கு மறுமொழி சொல்லக்கூடியவர் தாங்கள் ஒருவரே.

14. ஆகையால் தங்களிடம் நான் வேண்டுவது இவை. கர்ப்பவதிகளையும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களையும் இரத்தம் இறங்கும் அளவை மாத்திரம் வைத்து மதிக்காமல், நெஞ்சுப் படத்தையும் காய்ச்சலையும் விடுதி டொக்டரின் சொல்லையும் வைத்து மதிக்கும்படி சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். விதியை எடுத்துவிடும்படி நான் கேட்கவில்லை; சிற்றம்பலம் அவர்களின் மனைவி இன்றும் என் வேலிக்கு அப்பால் தனியாகக் களை பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அந்த வரி சேரத் தாமதமானால், என் மனைவி ஒருத்தியை மாத்திரமாவது டொக்டர் கனகலிங்கம் அவர்களின் பொறுப்பில் வீட்டுக்கு விடும்படி உத்தரவிட வேண்டும். மல்லாவியில் மருத்துவிச்சி விமலேஸ்வரி அவர்கள் அவளைக் கிழமைக்கு இரு முறை பார்ப்பதாக ஒப்புக்கொண்டு எழுதித் தந்திருக்கிறார்; அதை இத்துடன் இணைத்துள்ளேன். கிழமைக்கொரு முறை இரத்தம் கொடுக்க வேண்டுமானால் நானே அவளை வண்டில் கட்டி மாங்குளம் கொண்டுவந்து காட்டுவேன். இதுவும் இயலாதென்றால், பிள்ளையை அவளிடம் விடும்படி மாத்திரம் கேட்கிறேன். நான் வேலிக்கு வெளியே நிற்பதை எவ்வளவு காலமும் பொறுத்துக்கொள்வேன்.

15. ஐயா, விதைத்த நெல் இப்போது பச்சையாக எழும்பி நிற்கிறது. இம்முறை மழை தப்பவில்லை. எல்லாம் சரியாக இருக்கும் வருடம் இது. காணி கிடைத்த முதல் வருடம், ஒன்றும் விளையாமல் யானை மிதித்த வயலில் நின்று, "இஞ்சை நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறம்தானே" என்று அவள் சொன்னாள். அன்று அது எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது வயல் இருக்கிறது, வீடு இருக்கிறது, உயர்த்திக் கட்டிய அடுப்பு இருக்கிறது. அவளை அனுப்பிவைக்கத் தங்கள் கையெழுத்து ஒன்றே வேண்டும். பிள்ளை பிறக்க இன்னும் சில கிழமை இருக்கும்போதே அதைத் தந்தருளும்படி தங்களை நம்பிக் காத்திருக்கிறேன்.

இங்ஙனம், தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும் குடியானவன்,

ஏ. மயில்வாகனம்
(ஒப்பம்)

மல்லாவி,
18 நவம்பர் 1957.

பிற்சேர்க்கை
மாங்குளம் தபாற் கந்தோர், 21 நவம்பர் 1957, வியாழக்கிழமை.

ஐயா, பாதையில் வெள்ளம் நின்றதால் மேற்படி மனுவை இன்றுதான் பதிவுத் தபாலில் சேர்க்க மாங்குளம் வந்தேன். என் பெயரைக் கண்ட தபால் அதிபர், மல்லாவிக்கு அனுப்ப வைத்திருந்த ஆங்கிலத் தந்தி ஒன்றைப் பிரித்துத் தமிழில் வாசித்துச் சொன்னார். அது மார்கிறட் அவர்கள் அனுப்பியது. நேற்றுக் காலை, நாள் நிறைவதற்கு முன்னரே, பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. இருவரும் சுகம். பிள்ளை மற்ற விடுதியில். தாய்க்குக் காட்டினார்களா என்பது தந்தியில் இல்லை.

மனுவைத் திருப்பி எழுத நேரமில்லாததால் இக்கந்தோரிலேயே பேனை வாங்கி இதைச் சேர்க்கிறேன். பிள்ளை பிறக்குமுன் என்று நான் மேலே எழுதியவை இனிப் பொருந்தா. அவற்றை நீக்கிவிட்டு, "என் மனைவியை" என்று எழுதிய இடங்களில் எல்லாம் "என் மனைவியையும் மகளையும்" என்று வாசித்துக்கொள்ளும்படி தாழ்மையாக வேண்டுகிறேன். வேறு மாற்றம் இல்லை.

வடக்கே போகும் ரயிலுக்கு மணி அடித்துவிட்டார்கள். இன்று பார்வையாளர் நாள் அல்ல என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளை வைத்திருக்கும் விடுதிக்கு வேலி எந்தப் பக்கம் என்பது தெரியாது. போய்ப் பார்க்கிறேன்.

ஏ. ம.